13 வயது மகளுக்கு ரிலாக்ஸர் போடலாமா?

கேள்வி: நான் மதுரைப் பக்கத்துப் பெண். நியூ ஜெர்சியில் 16 வருடமாக இருக்கிறேன். கணவர் நூவார்க்கில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். மகளுக்கு 13 வயது, அப்படியே அப்பாவின் முடி. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்க வைத்துச் சிக்கு எடுத்து முடிப்பதற்குள் அவளும் அழுது நானும் அழுதுவிடுகிறேன். ஜூனில் எட்டாம் வகுப்பு முடிக்கிற விழா, அதற்குள் ரிலாக்ஸர் போட்டு முடியை நேராக்கித் தரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். மாமியார் நாற்பது வருடமாக ரிலாக்ஸர் போடுகிறவர், "போட்டுவிடு, பிள்ளை நிம்மதியாக இருப்பாள்" என்கிறார். லாக்ஸ் (திரிதிரியாகச் சடையாக்கிய முடி) வைத்திருக்கும் நாத்தனார், "அந்த மருந்து அவள் தலையில் பட்டால் உன்னோடு பேசமாட்டேன்" என்கிறார். நாத்தனார் மகள் வங்கியில் வேலை பார்க்கிறாள், எப்போதும் வீவ்தான், அதாவது வேறு முடிச் சரத்தைத் தலையில் தைத்துக்கொள்வது. என் அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு "ஏன்டி பிள்ளையைப் பரட்டைத் தலையோட விட்டிருக்க, எண்ணெய் வைக்கக் கூடாதா" என்கிறார். வீவ் முடியே நம் திருப்பதி முடிதான் என்று மகளிடம் சொன்னேன், "அப்போ அதில் பாதி எனக்குச் சொந்தம், எனக்கும் வை" என்கிறாள். ரிலாக்ஸரால் புற்றுநோய் வரும் என்பது உண்மையா? எதைத்தான் தேர்ந்தெடுப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ரிலாக்ஸர் இப்போது வேண்டாம். வீவும் இந்த வயதில் வேண்டாம். ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அடுத்த ஞாயிறும் நீங்கள் இரண்டு பேரும் குளியலறையில் அழுதுகொண்டுதான் இருப்பீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் தோல் மருத்துவர். பிலடெல்பியாவில் முடி உதிர்வுக்காக என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினப் பெண்கள். நீங்கள் சொன்ன மாமியார், நாத்தனார், நாத்தனார் மகள், மூன்று பேரையும் நான் வாரா வாரம் பார்க்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. உங்கள் மகள் கேட்பது ரிலாக்ஸர் என்றாலும், அவளுக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த வலி நிற்பது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் நமக்குத் தலை சீவிவிட்ட முறையை நினைத்துப் பாருங்கள். காய்ந்த முடியில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, உச்சியிலிருந்து நெருக்கமான சீப்பை இழுத்து, இறுக்கி இரட்டைச் சடை. நம் முடிக்கு அது ஒத்துப்போனது. உங்கள் மகளுடைய முடிக்கு அதில் ஒவ்வொரு படியும் எதிரி. அவள் முடியின் ஒவ்வொரு இழையும் ஸ்பிரிங் போல வளைந்து வளைந்து வளர்கிறது, குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கும், ஒவ்வொரு வளைவும் உடையக்கூடிய இடம். தலைத்தோலில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் வழுக்கி நுனி வரை வந்துவிடும், இந்தச் சுருளில் இறங்கவே முடியாது. அதனால் அந்த முடி எப்போதும் வறட்சியாக இருக்கிறது, காய்ந்த நிலையில் சீப்பு பட்டால் அங்கங்கே ஒடிகிறது. "வளரவே மாட்டேன் என்கிறது" என்று தாய்மார்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதுதான். வளர்கிறது, வளர்கிற அளவுக்கு நுனியில் ஒடிந்துபோகிறது. போதாததற்கு இழுத்தால் ஒரு அடி வருகிற முடி காய்ந்ததும் சுருங்கி நாலு விரல் நீளமாகத் தெரியும்.

சரி, என்ன செய்வது? சீப்பைக் காய்ந்த தலையில் வைக்கவே வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை, முடிந்தால் பத்து நாளுக்கு ஒரு முறை ஷாம்பு போதும். நனைந்த முடியில் கண்டிஷனரைத் தாராளமாகப் போட்டு, தலையை ஆறு எட்டு பாகமாகப் பிரித்து க்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தை எடுத்து முதலில் விரலால் சிக்கைப் பிரியுங்கள், அப்புறம் பல் அகலமான சீப்பு, நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே. முடித்த பாகத்தைத் தளர்வாக முறுக்கி வைத்துவிட்டு அடுத்தது. குளித்தபின் தண்ணீர் கலந்த லீவ்-இன் கிரீம் (கழுவாமல் முடியிலேயே விடுவது), அந்த ஈரம் போகாமல் இருக்க மேலே கொஞ்சம் எண்ணெய். பாட்டியின் தேங்காய் எண்ணெய் வீண் இல்லை, ஷாம்பு போடுவதற்கு முன் முடியில் தடவினால் முடியின் புரதம் கரைந்து போவதைக் குறைக்கும். ஆனால் தலைத்தோலில் ஊற்றித் தேய்க்காதீர்கள், பொடுகு இருந்தால் அது இன்னும் கிளம்பும். இரவில் சாட்டின் துணித் தொப்பி. பருத்தித் தலையணை உறை ஈரத்தை உறிஞ்சிவிடும்.

முதல் இரண்டு வாரம் இரண்டு மணி நேரம் கூட ஆகும். படம் ஏதாவது போட்டுவிட்டு உட்காருங்கள். கணவர் வீட்டில் இதை 'வாஷ் டே' என்று சொல்வார்கள், பாதி நாள் அதற்கே ஒதுக்கிய நாள். சீப்பு பட்டாலே துடிக்கிற பிள்ளையை 'டெண்டர் ஹெடட்' என்பார்கள், கொஞ்சம் கேலியாகவும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது. வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் வலிக்கிறது.

இனி ரிலாக்ஸர். முடியின் உறுதிக்குக் காரணம் உள்ளே கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது. அந்தப் பிணைப்பை உடைத்தால் சுருள் நேராகிவிடும், அப்படி நேரானது மறுபடி சுருளாது. அதைச் செய்வது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கப் பயன்படுகிற அதே காரம். குழந்தைகளுக்கென்று விற்பது பெரும்பாலும் 'நோ லை' வகை, கால்சியம் ஹைட்ராக்சைடோடு இன்னொரு பொருளைக் கலப்பது. எரிச்சல் கொஞ்சம் குறையும், ஆனால் அதுவும் கடுமையான காரம்தான், முடியில் கால்சியம் படிந்து இன்னும் வறட்சியாக்கும். பெட்டியின் மேல் சிரிக்கிற சிறுமியின் படம் இருப்பதால் அது மென்மையான பொருள் ஆகிவிடாது. முந்தின நாள் தலையைச் சொறிந்திருந்தாலோ, ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டுவிட்டாலோ தலைத்தோல் புண்ணாகும். "எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எரிந்தால் தோல் வேகிறது என்றுதான் அர்த்தம்.

தவிர இது ஒரு நாள் விஷயம் இல்லை. மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் புது முடி சுருளாகவே வரும், எட்டு வாரத்துக்கு ஒரு முறை வேரில் மறுபடி போடவேண்டும். போடாவிட்டால் நேர்முடியும் சுருள்முடியும் சேர்கிற இடத்தில் ஒடியும். ஜூன் மாத விழா ஒன்றுக்காகத் தொடங்கினால், நிறுத்த நினைக்கும்போது ஒன்று பழைய முடி முழுக்க வளர்ந்து வெளியேறும் வரை வருடக்கணக்கில் பொறுக்கவேண்டும், இல்லை ஒரேயடியாகக் கத்தரித்துவிடவேண்டும்.

புற்றுநோய் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனம் நடத்திய 'சிஸ்டர் ஸ்டடி' என்ற ஆய்வு, 35 முதல் 74 வயதுக்குட்பட்ட 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருடம் தொடர்ந்து பார்த்தது. 2022 அக்டோபரில் முடிவு வந்தது. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஒருபோதும் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம். முந்தின ஒரு வருடத்தில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். இதை எப்படிப் படிக்கவேண்டும் என்றால், நூறு பேரில் 96 பேருக்கு வரவில்லை, உங்கள் மாமியாரை இதைச் சொல்லிப் பயமுறுத்தவேண்டியதில்லை. இது ஒரு தொடர்பைக் காட்டுகிற ஆய்வு, இதுதான் காரணம் என்று நிரூபிப்பது இல்லை, எந்தப் பிராண்ட், அதில் எந்தப் பொருள் என்றும் பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் வருடத்துக்கு ஆறு முறை, அதாவது சாதாரணமாக ரிலாக்ஸர் போடுகிற எந்தப் பெண்ணும் அந்த நான்கைத் தாண்டிவிடுகிறார். 13 வயதில் தொடங்கினால் 33 வயதில் நூறு முறைக்கு மேல் ஆகியிருக்கும். அந்தக் கணக்குதான் என்னை "வேண்டாம்" என்று சொல்ல வைக்கிறது. மாமியாரிடம் இதமாகச் சொல்லுங்கள், மாதவிடாய் நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே மகப்பேறு மருத்துவரிடம் போகவேண்டும். ரிலாக்ஸர் போட்டாலும் போடாவிட்டாலும் அது எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும்.

மாமியார் மேல் கோபப்படாதீர்கள் என்று தனியாகவே சொல்ல விரும்புகிறேன். அவர் வேலைக்குப் போன காலத்தை நினையுங்கள். 1981இல் ஒரு விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கறுப்பினப் பெண் தலையோடு ஒட்டி வரிசையாகப் பின்னுகிற கார்ன்ரோ பின்னலோடு வேலைக்கு வருவதைத் தடுத்தார்கள் என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டார். பின்னல் என்பது பிறப்பில் வருவதில்லை, மாற்றிக்கொள்ளக்கூடியதுதானே என்று நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சூழலில் சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு பெண்ணுக்கு நேர்முடி என்பது ஒரு கவசம். "பிள்ளை நிம்மதியாக இருப்பாள்" என்று அவர் சொல்வதில் எனக்கு அன்புதான் கேட்கிறது. மிஷெல் ஒபாமாவே 2022இல் மேடையில் சொன்னார், வெள்ளை மாளிகையில் இருந்த எட்டு வருடமும் பின்னல் போட ஆசை இருந்தும், நாடு அதற்குத் தயாராக இல்லை என்று முடியை நேராகவே வைத்துக்கொண்டாராம். அவருக்கே அப்படி.

உங்கள் மகள் வளர்கிற காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. உங்கள் மாநிலத்திலேயே 2018 டிசம்பரில் 16 வயது மல்யுத்த மாணவன் ஒருவனை, லாக்ஸை வெட்டு, இல்லையென்றால் போட்டியை விட்டுக்கொடு என்று நடுவர் நிறுத்தினார், களத்தின் ஓரத்திலேயே கத்தரிக்கோலால் வெட்டினார்கள், அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சரியாக ஒரு வருடம் கழித்து, அதே தேதியில், நியூ ஜெர்சியில் கிரௌன் சட்டம் கையெழுத்தானது, இயற்கை முடியையும் பின்னலையும் காரணம் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கிற சட்டம் அது. கலிபோர்னியா அந்த வருடம் ஜூலையிலேயே முதலாவதாகக் கொண்டுவந்துவிட்டது, இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. அவள் பள்ளியில் யாராவது ஆப்ரோவையோ (சுருளை அப்படியே உருண்டையாக விடுவது) பின்னலையோ காரணம் காட்டித் தடை போட்டாலோ பாகுபாடு செய்தாலோ அது சட்டப்படி தவறு, நீங்கள் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்கலாம். அவள் திடீரென்று நேர்முடி கேட்பதற்குப் பின்னால் வகுப்பில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று ஒரு நாள் காரில் போகும்போது கேட்டுப் பாருங்கள். முகத்துக்கு நேரே கேட்டால் சொல்லமாட்டார்கள்.

வீவ் விஷயத்துக்கு வருவோம். உங்கள் மகள் சொன்ன "பாதி எனக்குச் சொந்தம்" என்பதை நான் ரசித்தேன், அதில் உண்மையும் இருக்கிறது. திருமலையில் இறக்குகிற முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறது, பழனி, திருத்தணி முடியும் இதே வியாபாரத்தில்தான் சேர்கிறது, சென்னை ஏற்றுமதியாளர்கள் கையில் தைத்த சரங்களாகி அமெரிக்கா வருகிறது. வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கம் என்று திசை மாறாமல் இருப்பதால் சிக்கு விழாது, அதைத்தான் 'ரெமி' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். நம் பாட்டிமார் வைத்துப் பின்னிய சவுரியின் உறவுதான் வீவ், வித்தியாசம் என்னவென்றால் சவுரியை இரவில் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். வீவ் அப்படியில்லை. சொந்த முடியைத் தலையோடு ஒட்டிக் கார்ன்ரோவாகப் பின்னி, அதன்மேல் சரத்தை வளைந்த ஊசியால் தைத்துவிடுவார்கள், ஆறு எட்டு வாரம் அப்படியே இருக்கும். இந்த முறைக்கு 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கியவர் கிளீவ்லண்டைச் சேர்ந்த கிறிஸ்டினா ஜென்கின்ஸ் என்ற கறுப்பினப் பெண்.

நாத்தனார் மகள் ஏன் வீவ் வைக்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. காலையில் இருபது நிமிடம் மிச்சம், வேலையிடத்தில் கேள்வி இல்லை, சொந்த முடிக்கு மருந்தும் இல்லை சூடும் இல்லை, தினசரி கைபடாமல் உள்ளே ஓய்வாக இருக்கும். சில நூறு டாலர் ஆகும், அவள் சம்பளம், அவள் முடிவு. ஆனால் அடித்தளப் பின்னல் இறுகினால் நெற்றியோரமும் காதோரமும் முடி இழுபட்டு இழுபட்டு உதிரும், அந்த ஓரத்தை அவர்கள் 'எட்ஜஸ்' என்பார்கள். ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்திவிட்டால் திரும்ப வளரும். வருடக்கணக்கில் போனால் வேர்க்குழி தழும்பாகி நிரந்தரமாக வழுக்கை விழும். ரிலாக்ஸர் போட்ட முடியில் இந்த இழுப்பும் சேரும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது. 13 வயதில் தலைத்தோலுக்கு அந்தப் பாரம் வேண்டாம், அதுவும் நீச்சலோ ஓட்டமோ போகிற பிள்ளை என்றால் உள்ளே ஈரம் காயாமல் நாற்றமும் அரிப்பும் வரும். முடி கெட்டுவிடும் என்று உடற்பயிற்சியையே விட்டுவிடும் பெண்கள் அதிகம் என்பதை 2011இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த ரெஜினா பெஞ்சமின் அட்லாண்டாவில் ஒரு சிகையலங்காரக் கண்காட்சிக்கே போய்ப் பேசினார். உங்கள் மகள் ஏதாவது விளையாடுகிறாள் என்றால் முடிக்காக அதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

"எதைத் தேர்ந்தெடுப்பது" என்று கேட்டீர்கள். என்னிடம் வருகிற பெண்கள் பெரும்பாலும் ஒன்றையே பிடித்துக்கொண்டு இருப்பதில்லை. பத்து வயதில் அம்மா ரிலாக்ஸர் போட்டுவிட்டிருப்பார், கல்லூரியில் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு ஆப்ரோவுக்கு வந்திருப்பார்கள், முதல் வேலைக்கு வீவ், பிள்ளை பிறந்து முடி கொட்டும்போது விக், நாற்பதில் லாக்ஸ். நேரம், பணம், பக்கத்தில் கைதேர்ந்தவர் கிடைப்பது, வேலை, தலைத்தோல் தாங்குவது எல்லாம் சேர்ந்துதான் முடிவாகிறது. இயற்கை முடி என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அது கேட்கிற நேரம் உங்களுக்கே தெரியும். நாத்தனார் லாக்ஸ் வைத்திருப்பதால் மாமியாரைவிடத் தன்னை மதிக்கிறார் என்றோ, நாத்தனார் மகள் தன்னை வெறுக்கிறாள் என்றோ உங்கள் வீட்டில் யாரும் பேச விடாதீர்கள். பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அதே காரணத்துக்காக உங்கள் அம்மாவிடமும் பேசவேண்டும். பரட்டை என்ற சொல்லை அந்தப் போன் காலில் இனி சொல்லக்கூடாது. அம்மா கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, நம் ஊரில் கவனிக்காமல் விட்ட தலைக்கு அதுதான் பெயர். ஆனால் மகளுடையது கவனிக்காத தலை இல்லை, வாரத்துக்கு அரை நாள் கவனிக்கிற தலை. சுருள் முடி என்று சொல்லட்டும். எப்படிச் சிக்கு எடுக்கிறீர்கள் என்று ஒரு தடவை வீடியோவிலேயே காட்டுங்கள், பாட்டி வாயடைத்துப்போவார்.

இப்போது ஜூன் மாதம். அவளிடம் "ரிலாக்ஸர் கிடையாது" என்று மட்டும் போய் நிற்காதீர்கள், இரண்டு வழியை அவள் முன்னால் வையுங்கள். ஒன்று சில்க் பிரஸ், மருந்தே இல்லாமல் சூட்டில் நேராக்குவது. இந்த முடியில் பழகிய சலூனில், வெப்பத் தடுப்புக் கிரீம் போட்டு, 190 டிகிரி செல்சியஸுக்கு (ஏறக்குறைய 375 டிகிரி ஃபாரன்ஹீட்) மேல் போகாமல் செய்யச் சொல்லுங்கள். ஒரு வாரம் இரண்டு வாரம் நிற்கும், ஜூன் வியர்வையில் அதற்கு முன்பே சுருண்டாலும் சுருளும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் வேண்டாம். இன்னொன்று முடிச்சில்லாத பின்னல், 'நாட்லெஸ்' என்று கேளுங்கள், நடுத்தர கனம், தோளுக்குக் கீழே போகாத நீளம், விழாவுக்கு ஒரு வாரம் முன்னால். மணிக்கணக்கில் உட்காரவேண்டியிருக்கும், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பின்னும்போது வலித்தால் உடனே சொல்லவேண்டும், பின்னுகிறவர் கோபித்துக்கொள்வார் என்று பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அன்று இரவு நெற்றியோரம் சின்னச் சின்னக் கொப்பளம் வந்தால் இறுக்கிவிட்டார்கள் என்று பொருள், அந்த ஓரப் பின்னலை அவிழ்த்துவிடுங்கள், காசு போனால் போகட்டும். ஆறு வாரத்தில் எடுத்துவிடவேண்டும். பதினெட்டு வயதுக்கு அப்புறம் ரிலாக்ஸர்தான் வேண்டும் என்று அவளே எல்லாம் தெரிந்து கேட்டால், அன்றைக்கு அது அவளுடைய முடிவு, இதையும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒரு ஞாயிறு மாமியாரை வரச் சொல்லிப் பேத்தியின் தலையை அவர் கையில் கொடுங்கள். அவருக்குப் பின்னத் தெரியும், அவர் கை உங்களுடையதைவிடப் பழகிய கை. பின்னிக்கொண்டே, தன் சின்ன வயதில் சனிக்கிழமை ராத்திரி அடுப்பில் 'ஹாட் கோம்' என்ற உலோகச் சீப்பைக் காய்ச்சி அவர் அம்மா எப்படித் தலை வாரினார், காது எத்தனை தடவை சுட்டது, முதல் ரிலாக்ஸர் எந்த வயதில் என்று பேத்திக்குச் சொல்லட்டும்.

அதற்கு முன் இன்றைக்கே மகளின் நெற்றியோரத்தையும், இரண்டு காதோரத்தையும், உச்சந்தலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள். ஓரம் பின்வாங்கியிருந்தாலோ, உச்சியில் முடி மெலிந்து தோல் தெரிந்தாலோ சலூனுக்குப் போகாமல் நேராக ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், சுருள் முடியைப் பார்த்துப் பழகியவரா என்று போனிலேயே கேட்டுவிட்டு.